மேற்குக் காற்று நீங்கலாக

கும்மிடிப்பூண்டிப் பக்கம், எரிவாயு தயாரிப்பதற்கென்று புல் வளர்த்த வயலில் எங்கள் ஆய்வுக் குழுவின் கம்பம் நின்றது. அந்தப் புல் எவ்வளவு கரியமில வாயுவை இழுக்கிறது, எவ்வளவு வெளியே விடுகிறது என்று அதிலிருந்த கருவிகள் அளந்துகொண்டிருக்கும்.

அங்கே புல் அறுக்க ஒரு அம்மாள் வருவார். ஒடிசலான உடம்பு, எப்போதும் சிவந்த கண்கள். எங்கே உட்காரப் போனாலும் முதலில் அந்த இடத்தை ஒரு விரலால் தேய்த்து, ஒட்டிய கரியைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

ஒருநாள் எங்கள் கருவிப் பெட்டியையும் அப்படித் தேய்த்தார்.

"தொடாதீங்கம்மா!" என்று கத்தினேன்.

கறுத்த விரலை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "இத்த அளக்குதா சார் உன் மிஷினு?"

வயலுக்கு மேற்கே கரிப்புகை கக்கும் உருக்காலை. அதை ஒட்டித்தான் அவர் வீடு.

"அந்தப் பக்கத்துக் காத்த கணக்குல சேக்க மாட்டோம்மா. இந்த வயலோடது மட்டும்தான் வேணும். மத்தத நீக்கிடுவோம்" என்றேன். எங்கள் வேலையின் விதி அது. தப்பில்லை.

"நீக்கிடுவியா?" அரிவாளைத் தரையில் வீசினார். "ஊட்ல என் பொண்ணு ராவெல்லாம் இருமிக்கினு கெடக்குறா. நாங்க எங்க சார் நீக்கறது அந்தக் காத்த?"

எனக்கும் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இன்றும் மேற்குக் காற்று தந்த எண்களை விதிப்படி நீக்குகிறேன். நீக்கியதும் என் விரலைத் திருப்பிப் பார்க்கிறேன். சுத்தமாக இருக்கிறது. அதைப் பார்க்கும்போதுதான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது.