தண்ணீர் பழகும் வரை

செல்வராணி அக்கா இறந்த செய்தி வந்தபோது, துறைமுகச் சாலையில் முன்னாலும் பின்னாலும் கண்டெய்னர் லாரிகள் நிற்க, ஸ்கூட்டியைத் திருப்ப இடமில்லாமல் சிக்கிக் கிடந்தேன். "கலா, அக்கா போயிட்டாம்மா" என்றார் போனில் அவருடைய கணவர் முருகேசன் அண்ணாச்சி. பிறகு என்ன பேசுவதென்று தெரியாமல், "தொட்டித் தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்றார். எங்கள் கிளியரிங் அலுவலகத்தில் அக்காவோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கு அந்தக் கண்ணாடித் தொட்டியைப் பற்றித் தெரியாது. கடைசி மாதங்களில் நீங்கள் அவரைப் பார்க்க வரவில்லை என்று குறை சொல்ல இதை எழுதவில்லை. கொஞ்சம் குறைதான்.

சுங்கத்தில் சரக்கு வெளியே வராமல் நிற்கும்போது கத்துவது நான், காத்திருப்பது அவர். ஒருமுறை இறக்குமதியாளர் ஒருவர் மேசையைத் தட்டி ஆர்ப்பாட்டம் செய்தார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, "பெட்டி எங்கயும் ஓடிராது அண்ணாச்சி. உக்காருங்க, இருந்து பாப்போம்" என்றார். 'இருந்து பாப்போம்' என்பதை அவர் சொல்லாத நாளே கிடையாது. எனக்கு எரிச்சலாக வரும்.

அப்படிப்பட்டவருக்கு நுரையீரல் சுருங்கும் நோய் வந்தது. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. ஆக்சிஜன் இயந்திரத்தின் குழாய் கட்டிலில் இருந்து ஹால் வரை வரும். அடுப்படி வாசலில் மூக்கைப் பிடித்து இழுக்கும். "கட்டிப்போட்ட ஆடு ஏளா நான். இம்புட்டுத்தான் மேய்ச்சல்" என்று அவரே கேலி செய்துகொள்வார். சிரித்தால் இருமல் வரும் என்பதால் சிரிப்பையும் அளந்துதான் சிரித்தார்.

அண்ணாச்சி உடன்குடிக்காரர்; எங்கள் ஊரை ஒட்டிய புதுக்கோட்டையில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கிறார். "அவளைக் கடலுக்குத் தூக்கிட்டுப் போக முடியல. அதான் கடலைக் கொஞ்சம் தூக்கிட்டு வந்துட்டேன்" என்று ஒரு தொட்டியை ஹாலில் கொண்டுவந்து வைத்தார். தெரிந்த படகுக்காரர்கள் கேன்களில் கடல்நீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்றே மீனும் விடுவதாக இருந்தது. அக்கா விடவில்லை. போனில் தேடிப் படித்திருந்தார். புதுத் தொட்டியில் மீனின் கழிவே மீனுக்கு விஷமாகிவிடும். அதைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் தொட்டியின் அடியில் போட்ட கற்களில் வளர வாரக்கணக்காகும். அதுவரை மீனும் கூடாது, தண்ணீரை மாற்றவும் கூடாது. அக்கா அதற்கு வைத்த பெயர் 'பழகுவது'. "தண்ணி பழகட்டும்" என்பார். அந்த நுண்ணுயிர்கள் வளர மீன் தீனியை ஒரு சிட்டிகை போட்டு அழுகவிட்டு, கண்ணாடிக் குப்பியில் தண்ணீரெடுத்து மருந்துச் சொட்டு விட்டு நிறம் பார்ப்பார். பச்சை வந்தால் ஒரு விஷம், ஊதா வந்தால் இன்னொரு விஷம். தண்ணீர் கலங்கி நாறியது. வந்தவர்கள் எல்லாரும் முகம் சுளித்து, "மாத்தக் கூடாதா?" என்று கேட்டார்கள்.

நானும் ஒரு நாள் பொறுக்காமல் சண்டை போட்டேன். "ஒரே ஒரு மீன விடுங்கக்கா. நீங்க பாக்க வேண்டாமா?"

அவர் குழாயை மூக்கில் சரிசெய்துகொண்டு சொன்னார்: "இந்தத் தண்ணியில விட்டா அதுக்குச் செவுளு வெந்துரும். மூச்சு முட்டுதது என்னன்னு எனக்குத் தெரியும்ளா. நான் பாக்கணும்னு அது முட்டணுமா?"



நடுவில் அக்கா ஆஸ்பத்திரியில் இருக்க நேர்ந்தது. அண்ணாச்சி பிறந்த பக்கத்தில் நேற்றைய தண்ணீரைக் குடத்தில் வைத்திருப்பது வீட்டுக்கே இழுக்கு. விடிந்ததும் கொட்டிவிட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் பிடித்து வைப்பார்கள். மனைவி திரும்பி வரும்போது வீட்டில் நாற்றம் இருக்கக் கூடாதென்று, தொட்டித் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை கொட்டிவிட்டார் அண்ணாச்சி. கற்களைக் குழாயடியில் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, புதுக் கடல்நீர் நிரப்பி, விளக்கும் போட்டு வைத்திருந்தார்.

வீடு திரும்பிய அக்கா அதைப் பார்த்தார். அண்ணாச்சியின் முகத்தில் அத்தனை பெருமை. "பளிச்சுனு இருக்குங்க" என்றார் அக்கா. அண்ணாச்சி காப்பி போட உள்ளே போனதும் என்னிடம் திரும்பி, "மொதல்ல இருந்து, கலா" என்றார்.

"சொல்ல வேண்டியதுதானக்கா?"

"சொல்லுதேன். இன்னைக்கு வேண்டாம். இருந்து பாப்போம்."

இருந்து பார்க்க அவருக்கு எங்கே காலம் இருந்தது? மறுநாள் விஷயம் தெரிந்த அண்ணாச்சி, பொழுது சாயும்வரை ஹால் பக்கமே வரவில்லை.

இரண்டாம் முறையும் பச்சை வந்தது, போனது, ஊதா வந்தது. நான் கடைசியாகப் பார்த்தபோது, "இந்த ஊதா முழுசாப் போவட்டும். அப்புறம் அஞ்சுல ஒரு பங்கு மட்டும் மாத்திட்டு, மீன விடுவோம்" என்றார் அக்கா. அந்த வாரமே போய்விட்டார். மீனை அவர் பார்க்கவில்லை. இதில் எனக்கு ஆறுதல் ஒன்றுமில்லை.

உடலை எடுத்துப் போனதும், வழக்கப்படி பெண்கள் வீட்டில் இருந்த தண்ணீரை எல்லாம் கொட்டிக் கழுவினார்கள். குடம், வாளி, அண்டா முடிந்து, உறவுக்கார அம்மாள் ஒருவர் மக்கோடு தொட்டிக்கு வந்தபோது, சுடுகாட்டிலிருந்து ஈர வேட்டியோடு அண்ணாச்சி உள்ளே நுழைந்தார்.

"அதத் தொட்டுராதிய மதினி!"

"சாவு வீட்டுத் தண்ணில்லா கொழுந்தனாரே?"

"இருக்கட்டும். அது அவ இருந்து பாத்த தண்ணி."

காரியமெல்லாம் முடிந்தபின் ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டார். குப்பியில் ஊதா இல்லை. "இப்ப மாத்தலாமா?" என்று என்னைக் கேட்டார். மாற்றலாம் என்றேன். ஐந்தில் ஒரு பங்கை எடுத்து, அதே அளவு புது நீரை மெல்ல ஊற்றினார். ஒரு கோமாளி மீனை விட்டோம்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது எனக்கு எரிச்சலூட்டிய அந்தச் சொல்லைத்தான். நேரம் நிறைய இருப்பவர்களின் சொல் என்று அதை நினைத்திருந்தேன். அது நேரமே இல்லாதவர் ஒரு மீனுக்காகச் சொன்னது.

அண்ணாச்சி கண்ணாடியோடு முகத்தை ஒட்டி மீனின் செவுளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "முட்டல, கலா. நல்லா மூச்சு விடுது" என்றார்.