அலமாரியின் அடிப்பக்கம்

"கீழ்ப்பக்கத்த யாரு டீச்சர் பாக்கப் போறா?" என்று கேட்ட தச்சர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. இலங்கை மலைநாட்டில், எங்கள் பக்கம் தச்சரை பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். கொட்டகலையில் நான் கட்டிய புது வீட்டுக்கு ஹட்டனிலிருந்து வந்த இந்த பாஸ், சமையலறைச் சுவரில் அலமாரிகள் மாட்டினார். கதவெல்லாம் பளபளவென்று வெள்ளை. அடிப்பக்கம் மட்டும் மூடாத வெறும் பலகை, அதுவும் மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகை. எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்றார். நானும் நின்றபடி பார்த்துவிட்டுத் தலையாட்டினேன்.

அந்த வீட்டில் அம்மாவும் இருந்தாள். ஆயுளில் பாதியைக் கொழுந்து பறித்தே கழித்தவள். லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டின் அந்த ஒற்றையறையில், அடுப்பைச் சுற்றித் தரையில் உட்கார்ந்துதான் சமையல், சாப்பாடு, குளிர்காய்வது, வந்தவர்களோடு பேச்சு எல்லாம். மேசையும் நாற்காலியும் அவளுக்குச் சரிப்படவில்லை. அதனால் ஒரு சுவரோரம் மேடை கட்டாமல் விட்டிருந்தேன். அங்கே அலமாரிக்கு நேர் கீழே மணைப்பலகை போட்டு உட்காருவாள். அடுப்பையும் பக்கத்தில் தரைக்கே இறக்கிக்கொண்டாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், அலமாரியின் அடியில் படங்கு தொங்குகிறது. மலையில் வேலை செய்யும்போது இடுப்பில் சுற்றிக்கொள்வாளே, அந்தத் தடித்த பொலித்தீன் விரிப்பு. லயத்துக் கூரைக்கடியில் கரிக்கும் ஒழுக்குக்கும் கட்டுவது போலவே நாலு மூலையிலும் ஆணியடித்துக் கட்டியிருந்தாள். மறுநாள் என்னோடு படிப்பிக்கிற டீச்சர்மார் வீடு பார்க்க வருவதாக இருந்தது.

"என்னம்மா இது, இங்கயும் லயத்துக் கோலமா? பாக்குறவங்க சிரிக்க மாட்டாங்களா?" என்று கத்தினேன்.

நான் படங்கைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். ஈர மரத்தூள் என் கண்ணிலும் வாயிலும் கொட்டியது. கேத்தலில் கொதிக்கும் தண்ணீரின் ஆவியும் மலைக்குளிரும் சேர்ந்து பலகையை ஊறவைத்து, புட்டு மாவு போல உதிர்த்திருந்தன. பூஞ்சணம் வேறு. இவ்வளவு நாளும் இதுதான் அவள் தட்டில் விழுந்திருக்கிறது.

பாஸுக்குப் போன் போட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். மூன்றாம் தடவை நான் போட்ட சத்தத்தில் மறுநாள் காலையிலேயே வந்து நின்றார். லேசாகக் குனிந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் ஊதியிருக்கு டீச்சர். பெயின்ட் அடிச்சா சரியாயிடும்" என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"உக்காருங்க பாஸ்."

"பரவால்ல டீச்சர்."

"உக்காருங்கன்னு சொல்றேன்ல!"

அம்மாவின் மணையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணி நுனிகள், வழிந்து காய்ந்த பசை, அவரே பென்சிலால் எழுதிய அளவுகள்.

"சோத்துத் தட்ட மடியில வச்சுக்கிட்டு இதுக்குக் கீழ தின்னுவீங்களா? எங்கம்மா தின்னுருக்காங்க!"

அவர் முகம் செத்துப்போயிற்று. "நானும் லயத்துல பொறந்தவன்தான் டீச்சர். உக்காந்து பாக்கணும்னு தோணல."

அதைக் கேட்டதும் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. எங்கிருந்தோ வந்தவர் செய்திருந்தால் தெரியாமல் செய்தார் என்று விட்டிருப்பேன். தரையில் உட்கார்ந்து வளர்ந்த மனிதனுக்குமா மறந்துபோகும்?

அன்றே ஊதிப்போன பலகைகளைக் கழற்றி வேறு பலகை போட்டு, அடிப்பக்கம் முழுக்க ஈரம் ஏறாத வழுவழுப்பான தகடு ஒட்டி, ஆணி நுனி ஒன்றுகூடத் தெரியாமல் மூடினார். போகும்போது அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். அம்மா அவருக்கு இஞ்சி தட்டிப் போட்ட, பால் விடாத பிளேன்டீயும் தொட்டுக்கொள்ளச் சீனியும் கொடுத்து வழியனுப்பினாள்.

"அந்தாளுக்கு டீ ஒண்ணுதான் கொறச்சல்" என்று நான் பொரிந்தேன். "ஒன்னப் பத்திக் கொஞ்சமாவது நெனச்சாராம்மா?"

அம்மா கோப்பையைக் கழுவிக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னாள்: "அவரு யாரோ எவரோ. எத்தன நாளு தூளு கொட்டுச்சு. நீ ஒருநாளாச்சும் எங்கூட உக்காந்து தின்னுருந்தா, ஒந் தட்டுலயும் விழுந்திருக்கும்ல?"