மிக்கேல் அத்தானின் ஏழாம் விதி

அக்கா போன் செய்தபோது காலை ஏழு மணி இருக்கும். ஆபீசுக்குப் போட வேண்டிய சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "ஏலே, ஒங்க அத்தான் கூப்பிட்டா எழும்ப மாட்டங்காரு," என்றாள். நான் பதறவில்லை. அத்தானுக்கு இடது காது கேட்காது. வலது காதைத் தலையணையில் வைத்து அழுத்திப் படுத்துவிட்டால், பக்கத்தில் வெடி போட்டாலும் எழும்ப மாட்டார். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. "நல்ல காது தலகாணில இருக்கும்க்கா, தட்டி எழுப்பு," என்றேன். "தட்டிட்டேம்லே," என்றாள்.

உங்களில் பலருக்கு அவர் கயிற்றுக்கடை மிக்கேல். திரேஸ்புரம் போகும் ரோட்டில் தோணிகளுக்குக் கயிறும் கப்பியும் விற்றவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டு மாடியில் கூடி, நான் அட்டையை வெட்டி ஒட்டிச் செய்யும் ஆட்டங்களை ஆடிப் பார்த்துக் குறை சொல்கிற உங்களுக்கு, குறை சொல்வதில் அவர்தான் தலைவர். எனக்கு அக்கா புருஷன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் வாய்ச்சண்டையில் ஒரு தடவைகூட ஜெயிக்காத ஒரே ஆள்.

நான் முதலில் செய்தது துறைமுக ஆட்டம். விளையாட்டைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகம் வாங்கிப் படித்துவிட்டு, தலைக்கனம் ஏறிப்போய்ச் செய்தது. கப்பல், கிரேன், கன்டெய்னர் எல்லாம் அதில் உண்டு. அத்தான் அரை மணி நேரம் பொறுமையாகத் தாயக்கட்டையை உருட்டினார். பிறகு அதைக் கீழே வைத்தார். "மாப்ள, கட்ட போன்னுது, போறேன். கட்ட வான்னுது, வாரேன். இதுல நான் எதுக்குல? கட்டையே தனியா ஆடிக்கிடும்லா?" எனக்குச் சுருக்கென்றது. முறைத்தேன். அவர் விடவில்லை. "ஆட்டம்னா நான் தப்பு பண்ணுததுக்கு எடம் வேணும். தோத்தா அது என் தப்பா இருக்கணும், கட்டையோட தப்பா இருக்கப்பிடாது." அன்றைக்கு வீட்டுக்குப் போய் அதை நோட்டில் எழுதிவைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். விளையாட்டு என்பது வாழ்க்கைக்கு வெளியே போட்ட வட்டம், உள்ளே நடப்பது உள்ளேயே முடிந்துபோகும் என்று ஒரு கொள்கையை விளக்கிக்கொண்டிருந்தேன். ஆடுகிறவன் தன்னை மறந்துபோவதுதான் நல்ல ஆட்டத்துக்கு அடையாளம் என்று இன்னொன்றையும் சொன்னேன். அத்தான் மிக்சரை மென்றுகொண்டே கேட்டார். "மறக்கட்டும் மாப்ள. ஆனா கை மறக்கப்பிடாது," என்றார். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. ஏன் என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

கயிற்றுக்கடை வைப்பதற்கு முன்னால் அத்தான் கடலில் மூழ்கிச் சங்கு குளித்தார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. காலேஜ் லீவில் பொழுது போகாமல் ஒருநாள் அவரோடு வள்ளத்தில் போனேன். கயிறு பிடிக்கிறவருக்குக் காய்ச்சல் என்று என்னைப் பிடிக்கச் சொன்னார். வேலை சின்னதுதான். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தால் இழுக்க வேண்டும். முதல் பத்துத் தடவை ஒழுங்காகத்தான் இழுத்தேன். பிறகு, வள்ளத்தில் இருந்தவர்கள் சீட்டை எடுத்தார்கள். கழுதை ஆட்டம். நான் கயிற்றைக் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். கையில் ஒரே ஒரு சீட்டு மிச்சம். அதைத் தள்ளிவிட்டால் நான் கழுதை இல்லை. கயிறு அசைந்தது. தெரிந்தது. இந்தக் கை முடியட்டும் என்று இருந்தேன். மறுபடி அசைந்தது. நான் சீட்டைப் போட்டுவிட்டுக் கத்திச் சிரித்துத் திரும்பியபோது, அத்தான் தானாகவே உதைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டார். மூக்கில் ரத்தம். இடது காதில் ரத்தம்.

என்ன ஆச்சு என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எறங்கும்போதே காது அடச்சிருந்துச்சு. நாந்தான் பெருசா எடுக்கல்ல," என்றார். ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னார். இனிமேல் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தொழில் போயிற்று. கடை வைத்து அது நிலைத்து நிற்கும்வரை அக்கா சீட்டித்துணி தைத்து விற்றாள். நான் அவள் கையால் சோறு வாங்கித் தின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இந்த முப்பது வருடமாக எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான்: அக்காவுக்குத் தெரிந்துவிடுமோ என்பது.

இப்படி இருக்கும்போது ஒருநாள் அத்தான் என்னிடம் ஒரு ஆட்டம் கேட்டார். "அந்தக் காலத்துல முத்துக் குளிக்கவன் கயித்த யாரு புடிப்பா தெரியுமா? பொண்டாட்டிகூடப் பொறந்தவன். அக்கா தாலிக்குப் பயந்தாவது ஒழுங்கா இழுப்பாம்லா. அத வச்சு ஒரு ஆட்டம் பண்ணித் தா." குத்திக் காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. தீபாவளிக்குத் துணி கேட்கிற பிள்ளை மாதிரி ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

செய்தேன். உங்களுக்குத் தெரிந்த ஆட்டம்தான், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டிரண்டு பேராக ஜோடி. ஒருவர் இறங்குகிறவர், ஒருவர் பிடிக்கிறவர். நடுவில் நிஜமான கயிறு ஒரு முழம். இறங்குகிறவர் முறைக்கு ஒரு அட்டையாக எடுத்துத் தான் மட்டும் பார்ப்பார். சிப்பி வந்தால் லாபம். மூச்சு என்று எழுதிய அட்டை மூன்று வந்துவிட்டால் மூழ்கிப்போனார், எடுத்த சிப்பி எல்லாம் போச்சு. தானாக மேலே வர முடியாது. பேசக் கூடாது. கயிற்றை அசைக்கலாம், அவ்வளவுதான். பிடிக்கிறவர் இழுத்தால் அதுவரை எடுத்த சிப்பி ஜோடிக்கு. ஒரு காது கேட்காத மனிதருக்கு வாய் பேசாத ஆட்டம் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

வம்பு ஏழாம் விதியில் வந்தது. 'கயிறு அசைந்தால் பிடிப்பவர் இழுத்தே ஆக வேண்டும்' என்று எழுதியிருந்தேன். அத்தான் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "அப்ப கயிறு எதுக்குல? ஒரு மணி வாங்கி வச்சிரு. அடிச்சா முடிஞ்சுது. புடிக்கவனுக்கு என்ன சோலி?" சின்னப் பிள்ளைகளும் ஆட வேண்டாமா, எளிதாக இருக்கட்டும் என்றேன். சென்னையில் ஆட்டங்களை அச்சடிக்கிற ஒருவரும் இப்படித்தான் கேட்டிருக்கிறார் என்றேன். கூட்டாளியை முங்க விடுகிற மாதிரி ஆட்டம் விற்காது என்று அவர் சொன்னது உண்மைதான். அத்தான் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. "நீ யாருக்குப் பயந்துல இந்த விதிய எழுதுத?" என்றார்.

அதில் எனக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது. "ஒங்களுக்கு இதப்பத்தி என்ன தெரியும்? கயிறு விக்கிறதோட நிறுத்திக்கிடுங்க," என்றேன். மாடியில் நீங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தீர்கள். அத்தான் இடது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்குப் பேச்சை முடிக்க வேண்டுமானால் அதுதான் வழி. அதற்குப் பிறகு இரண்டு மாதம், சொந்த வீட்டு மாடிக்கே அவர் ஏறவில்லை. நாம் மேலே ஆடிக்கொண்டிருப்போம், அவர் கீழே டி.வி. பார்ப்பார். அக்கா இரண்டு இடத்துக்கும் டீ கொண்டுபோய் அலுத்துப்போனாள். "ரெண்டு கெழட்டுப் பயலுவளும் சின்னப்புள்ள மாதிரி," என்று நம் எல்லோர் முன்னாலும் ஏசினாள்.

அவர் இல்லாமல் என் விதிப்படி ஆடிப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? யாரும் கத்தவில்லை. யாருக்கும் வியர்க்கவில்லை. காயல்பட்டினத்திலிருந்து வரும் நண்பர், கயிறு பிடித்த கையோடு போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே கீழே இறங்கிப் போய், டி.வி.யை மறைத்துக்கொண்டு நின்றேன். "அத்தான், புடிக்கவன் இழுக்காமப் போயிட்டா?" என்றேன். வேறு எதையும் என்னால் கேட்க முடியவில்லை. அவர் வலது காதைத் திருப்பினார். "போனாப் போவுது. அடுத்த வாட்டி இழுப்பாம்லா. இழுக்கத்தான் வேணும்னு சட்டம் போட்டா, அவன் இழுக்கானா சட்டம் இழுக்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நோட்டில் ஏழாம் விதியை அவரே எழுதினார். 'கயிறு அசைந்தால் பிடிப்பவர் இழுக்கலாம். இழுக்காமலும் இருக்கலாம்.' சென்னைக்காரருக்கு அதை அப்படியே அனுப்பினேன். பதில் இதுவரை வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

அதன்பிறகு நடந்ததைத்தான் நீங்கள் வாராவாரம் கேலி செய்தீர்கள். ஜோடி பிரிக்கும்போதெல்லாம் அத்தான், "எனக்கு என் மச்சினன்தான் புடிப்பான்," என்று முந்திக்கொள்வார். நானோ கயிறு அசையும் முன்பே இழுத்துவிடுவேன். ஒரு சிப்பி, இரண்டு சிப்பி, சில நாள் அதுவும் இல்லை. 'வெறுங்கை ஜோடி' என்று எங்களுக்குப் பெயர் வைத்தீர்கள். யாரோடு சேர்ந்தாலும் ஜெயிக்கக்கூடிய மனிதர், ஒரு வருடம் முழுக்க என்னோடு சேர்ந்து தோற்றார். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. சென்ற மாதா கோயில் திருவிழாவுக்கு முந்தின ஞாயிறுதான் முதல்முறையாக நான் பொறுத்தேன். அவர் அட்டை எடுத்துக்கொண்டே போனார், கயிறு அசையவில்லை. என் சட்டை நனைந்துவிட்டது. அசைந்தது. இழுத்தேன். பதினோரு சிப்பி. மாடியே அதிர்ந்தது. அத்தான் அட்டைகளைப் பரப்பி வைத்துவிட்டு, "இன்னைக்குத்தாம்ல நீ ஆட்டம் ஆடியிருக்க," என்றார். அன்றைக்கு நான் அழுதது ஜெயித்த சந்தோஷத்தில் என்று நினைத்தீர்கள்.

அத்தானின் முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்த ஞாயிறு, பழக்கத்தில் எல்லோரும் மாடிக்கு வந்துவிட்டீர்கள். ஆட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தோம். அக்கா டீத்தட்டைக் கீழே வைத்தாள். இத்தனை வருடத்தில் ஒரு ஆட்டத்துக்கும் உட்காராதவள், அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள். "நான் எறங்குதேன். நீ புடி," என்றாள்.

"வேண்டாம்க்கா, வேற யாராவது..." என்று இழுத்தேன். அவள் மேசைக்கு மேல் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "அன்னைக்குச் சாயங்காலமே அவரு சொல்லிட்டாருலே. கழுத ஆட்டம் ஆடிட்டிருந்தியாமே." அவள் நிறுத்தவில்லை. "ஒரு வருசம் ஒன் மூஞ்சியப் பாக்கவே எனக்குப் பிடிக்கல்ல. சோத்த எடுத்து வச்சிட்டு உள்ள போயிருவேன், நீ கவனிச்சிருக்க மாட்ட. இவரு என்னடான்னா மச்சினன் மச்சினன்னு சாவுத வரைக்கும் ஒன் கையிலயே கொடுத்தாரு. அவரு கொடுத்தத நான் புடுங்கவா? புடிலே."

பிடித்தேன். இரண்டாவது அட்டையிலேயே கயிறு அசைந்தது, இழுத்துவிட்டேன். அக்காவுக்கு வந்ததே கோபம். "அதுக்குள்ள எதுக்குல இழுத்த? இருக்கியா இல்லியான்னு அசச்சுப் பாத்தேன்!" நீங்கள் எல்லோரும் ஒரு மாதத்துக்குப் பிறகு சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

அத்தானிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, அவர் கையெழுத்தில் உள்ள அந்த இரண்டு வரி மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அக்கா அட்டையைக் கலைத்து அடுக்கினாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கயிற்று நுனியை மறுபடியும் என் பக்கம் நீட்டினாள்.