ஞாயிற்றுக்கிழமை மணி

போன ஞாயிறு காலை மொன்றியல் புறநகரான ரொக்ஸ்பரோ வீட்டில் தேநீர்க் கோப்பையோடு ரீவிக்கு முன்னால் இருந்தேன். இங்கிலாந்தில் பெண்கள் உதைபந்தாட்டம். நல்ல மழை, ஆனாலும் மைதானம் முட்டச் சனம். "ஆம்பிளையளின்ரை முடிஞ்சு இப்ப பொம்பிளையளின்ரையுமோ?" என்று மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்கோ அந்த நனைந்த சட்டைகளைப் பார்த்ததும் மூக்கில் வேறொரு வாசம் ஏறியது. ஹீற்றரில் காயப்போட்ட கம்பளிக் கையுறை வாசம்.

தொண்ணூறுகளில் மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இரண்டு அறை வீடொன்றில் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து சோடிக் கையுறையும் ஒரே ஹீற்றரில் காயும். வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது பழகிவிட்டது. வீட்டுக்குப் பெரியவர் யோகன் அண்ணை. பகலில் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, மாலையில் லாசால் பக்கத்துத் தொழிற்சாலையில் பெட்டி மடிக்கிற வேலை. கனடாவுக்கு வருமுன் இரண்டு வருடம் கிழக்கு லண்டனில் இருந்தவர். அங்கிருந்து கொண்டுவந்தது ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் மேல் பைத்தியம் மட்டும்தான். கழகம் வென்றால் எங்களுக்கு ஆட்டிறைச்சிக் கறி, தோற்றால் வெறும் பருப்பு. ஆகவே நாங்களும் பக்தர்களானோம்.

அந்தக் காலத்தில் மொன்றியலில் இந்த ஆட்டங்களை எங்கே பார்ப்பது? அண்ணையின் தங்கை சுமதி லண்டனில் சின்னம்மா வீட்டில் இருந்தாள். சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் எங்கள் ரெலிபோனுக்கு அடிப்பாள். எடுக்கக் கூடாது, எடுத்தால் காசு. நாங்கள் அடித்த கோல் எத்தனையோ அத்தனை மணி. வைத்துவிட்டு மறுபடி அடித்தால் அது எதிரணியின் கணக்கு. மணியே அடிக்காவிட்டால் கோலே இல்லாமல் சுழிக்குச் சுழியா, அவள் மறந்துபோனாளா என்று வளர்ந்த ஆண்கள் ஐந்து பேர் ரெலிபோனையே பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு குளிர்காலம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மணி அடிக்கத் தொடங்கியது. மூன்று தரம் அடித்து நிற்கும். கொஞ்சம் பொறுத்து ஒன்று.

"இண்டைக்கு மட்ச் இல்லையே. ஆரோ பிழையான நம்பர்" என்றார் அண்ணை.

ஒரு ஞாயிறு நான் வீட்டில் தனியே இருந்தேன். குளித்துவிட்டு வந்த அவசரத்தில் சட்டத்தை மறந்து எடுத்துவிட்டேன்.

"அண்ணை நிக்கிறாரோ?" சுமதியின் குரல்.

"இல்லை, வேலைக்குப் போட்டார்."

"நானும் விளையாடுறன். எங்கட கிளப்பின்ர பொம்பிளையள் ரீமிலை. இண்டைக்கு நாலு கோல், ரெண்டு நான் அடிச்சது." மூச்சு வாங்கக் கதைத்தாள். "நான் சொன்னா ஏசுவார். நீங்கள் பதமாச் சொல்லிவிடுவீங்களோ?"

"ஓம், பேந்து சொல்லுறன்."

அண்ணை சந்தோஷமாக இருந்தால் அதைக் கெடுக்க மனம் வராது. கோபமாக இருந்தால் கிட்டப் போகவே பயம். நான் அவ்வளவு வீரன். ஞாயிறுதோறும் மணியை எண்ணிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்குள் சின்னம்மாவின் கடிதம் முந்திக்கொண்டது. பிள்ளை கட்டைக் காற்சட்டையோடு பார்க்கில் பந்தடிக்கிறாள் என்று எழுதியிருந்தா.

அண்ணை கெட்டவர் அல்ல. தகப்பன் இல்லாத வீடு, லாசாலில் சுமதிக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். "சனம் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சியோ? இண்டையோட விடு!" என்று ரெலிபோனில் கத்தினார்.

அதற்குப் பிறகு ஞாயிறு மணியும் இல்லை, சனி மணியும் இல்லை. திங்கட்கிழமை தெருமுனை டெப்பனர் கடையில் ஆங்கிலப் பேப்பரைப் புரட்டித்தான் ஸ்கோர் பார்த்தோம். கழகம் வென்றது. அண்ணை இறைச்சி வாங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, பொறுக்க முடியாமல், அந்த ஞாயிற்றுக்கிழமை மணி பிழையான நம்பர் இல்லை, சுமதியின் ரீம் அடித்த கோல் கணக்கு, ஒரு நாள் நாலில் ரெண்டு அவள் அடித்தது என்று சொல்லிவிட்டேன். அண்ணை ரெலிபோனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ரெண்டு அவளோ அடிச்சது?"

உடனே எழுந்து லண்டனுக்கு அடித்தார், காசைப் பாராமல்.

"ஸ்கோர் என்ன?... அது பேப்பரிலை பாத்தனான். நான் கேக்கிறது உங்கட ரீமின்ர ஸ்கோர்."

அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. றிசீவரை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "விட்டிட்டாளாம். சப்பாத்தையும் ஆருக்கோ குடுத்திட்டாளாம்."

அந்த முதல் ஞாயிறே நான் வாய் திறந்திருக்கலாம். இன்றைக்கும் அது நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது.

சம்பந்தமும் சரிவரவில்லை. சுமதி லண்டனிலேயே கல்யாணம் செய்தாள். யோகன் அண்ணை காலமாகி ஆறு வருடம். போன ஞாயிறு மழை ஆட்டம் முடிந்ததும் கழகத்தின் இணையப் பக்கத்தைத் துருவினேன். பெண்கள் அணியின் கதையை அவர்கள் மிகப் பிந்தித்தான் தொடங்குகிறார்கள். சுமதி விளையாடிய காலத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மனம் கேட்காமல் அவளையே கூப்பிட்டு, ஒரு படமாவது இருக்கா என்று கேட்டேன்.

சிரித்தாள். "சட்டையே ஆம்பிளையளின்ர பழசு, விளையாடி முடியத் திருப்பிக் குடுக்கவேணும். படம் எடுக்க ஆர் வந்தது? பாக்கவே ஒருதரும் வாறேல்லை. கோல் அடிச்சா ஆருக்காவது சொல்லவேணும்போல இருக்குந்தானே, அதுதான் உங்களுக்கு அடிச்சனான்."