செந்தாரகைக் கப்பலின் மெக்கானிக்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் உள்ள வாடகை நூல் நிலையத்தில், மூன்று நாள் ஆலோசனைக்குப் பிறகு ஒரு குறுக்குக்கோடு அழிக்கப்பட்டு, அதே இடத்தில் சரிக்குறி போடப்பட்டது. முடிவை எடுத்தவர் நிலையத்தின் உரிமையாளர் தேவராசு. டீ குடிக்கப் போகிற வழியில் நுழைந்த நான் ஒருவனே சாட்சி. ரப்பர் தூளை ஊதித் தள்ளிவிட்டு, "சரி, வாங்கிடலாம்" என்றார் அவர். 'அண்டவெளி வேட்டை' என்ற மாத நாவல் தொடரின் இருபத்தெட்டாம் பாகம் வாங்கப்படும் என்பது இதன் பொருள். மூன்று மாதமாக ஊரில் ஒருவர் இதற்காக நிலைகொள்ளாமல் இருந்தார்.

அவருக்குச் சொல்லி அனுப்புவது எப்படி என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"தவளக்குப்பம் மெக்கானிக் கலியபெருமாளோட தம்பி பேசறேன் சார். அண்ணன் காலைல போயிட்டாரு. நெஞ்சு வலின்னாரு, அவ்ளோதான். ஸ்பானர் பெட்டில உங்க நம்பர் போட்ட அட்டை இருந்திச்சி. புஸ்தகம் ஏதாவது திருப்பித் தரணுமா?"

தேவராசு கையிலிருந்த ரப்பரைக் கீழே வைத்தார். பிறகு, "இல்லப்பா. நாங்கதான் தரணும்" என்றார்.

கலியபெருமாள் அவர்களை அறியாதவர்களுக்கு: வயது ஐம்பத்தொன்று. தவளக்குப்பம் கூட்டுரோட்டில் மீன்பிடி போட்டுகளின் இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார். ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடும் இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து, நோய் எங்கே என்று சொல்லிவிடுவார். வாரம் இருமுறை சாமான் வாங்க டவுனுக்கு வருவார். வந்தால் நூல் நிலையத்தில் உட்கார மாட்டார். அலமாரிக்கும் வாசலுக்கும் நடந்தபடியே படிப்பார். குறுக்கே நின்றவர்கள் ஒதுங்கப் பழகிக்கொண்டோம்.

தேவராசு புத்தகம் படிப்பதில்லை. நூல் நிலையம் நடத்துபவனுக்கு அதற்கு ஏது நேரம் என்பது அவர் கட்சி. எனவே ஒரு வழக்கம் வைத்திருந்தார். படித்தவர்கள் புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் கருத்து எழுத வேண்டும். பாராட்டாகத் தெரிந்தால் சரிக்குறி போடுவார், குறையாகத் தெரிந்தால் குறுக்குக்கோடு. குறுக்குக்கோடுகள் மிஞ்சினால் அந்தத் தொடர் அத்துடன் நிறுத்தப்படும். தேர்தல்கள் இவ்வளவு ஒழுங்காக நடந்து நான் பார்த்ததில்லை.

'அண்டவெளி வேட்டை'யைப் பற்றியும் சொல்ல வேண்டும். செந்தாரகை என்ற விண்கப்பலில் கேப்டன் அதிரூபனும் ஐந்து பேரும் கிரகம் கிரகமாகப் போவார்கள். போகிற இடமெல்லாம் தமிழ் பேசுவார்கள். போகிற இடமெல்லாம் ஓர் இளவரசி இருப்பாள். அச்சகத்தில் பிழை திருத்துவது என் தொழில். இந்தப் புத்தகங்களைத் தொழில்முறை ஆர்வத்தோடு வாசித்தேன். ஐந்தாம் பாகத்துக்கு நான் எழுதிய கருத்து: 'இந்நூலாசிரியருக்கு அறிவியல் எந்த விதத்திலும் தடையாக இருக்கவில்லை.' தேவராசு அதற்குச் சரிக்குறி போட்டார். பதினொன்றாம் பாகத்துக்கு, 'இதைப் போன்ற இன்னொரு நூலை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை' என்றேன். அதற்கும் சரிக்குறி. இப்படி இருபத்தேழு மாதம் அந்தத் தொடரை நான் தாங்கிப் பிடித்தேன்.

அதே பக்கங்களில், கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகைக்குப் பக்கத்தில், கலியபெருமாள் அவர்களின் கருத்துகளும் இருக்கும். 'பக்கம் 64. மூணு வருஷமா இன்ஜின் ஓடுது. ஒரு தடவகூட ஆயில் மாத்தல.' 'பக்கம் 18. புகை கருப்பா வருதுன்னு கேப்டனே சொல்றாரு. அப்புறம் எதுக்கு இளவரசி கூடப் பேசிகினு நிக்கிறாரு?' அத்தனைக்கும் குறுக்குக்கோடு. ஒவ்வொரு பாகத்தையும் அவர் இரண்டு முறை படித்தார் என்பது தேவராசுவின் முறையில் எங்கும் பதிவாகவில்லை.

இருபத்தேழாம் பாகத்தின் முடிவில், சனிக் கிரகத்துக்கு அப்பால், இன்ஜின் நின்றுவிட்டது. ஆறு பேரும் இருட்டில் மிதக்கிறார்கள். தொடரும் என்று போட்டிருந்தது. அந்தப் பாகத்துக்கு நானும் ஒரு தட்டச்சுப் பெண்ணும் சரிக்குறி பெற்றோம். ஒரு பள்ளி ஆசிரியர் வழக்கம்போல 'சுமார்' என்று எழுதிக் குறுக்குக்கோடு பெற்றார். ஒருவர் கருத்தே எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டிருந்தார், அதற்கும் குறுக்குக்கோடு. மூன்றாவது, கலியபெருமாள் அவர்களுடையது: 'நான் அப்பவே சொன்னேன். ஆயில்.'

தொடர் நிறுத்தப்பட்டது. கடைகளில் அது கிடைக்காது. கேட்டு எழுதும் நூல் நிலையங்களுக்கு மட்டுமே பதிப்பாளர் அனுப்புவார்.

அடுத்த மாதம் புதுப் பாகத்தைக் கேட்டு வந்து விஷயம் தெரிந்ததும் அவர் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"நானா? நல்லா இல்லன்னு நான் எங்கய்யா எழுதினேன்? இன்ஜின் சரியில்லன்னுதான எழுதினேன்."

"இன்ஜின் சரியில்லாத ஒரு போட்ட நீ வாங்குவியாப்பா?" என்றார் தேவராசு.

"வாங்கமாட்டேன். ரிப்பேர் பண்ணுவேன்."

"இங்க ரிப்பேர்லாம் கெடையாது. வேணும்னா 'நல்லா இருக்குது'ன்னு அடியில ஒரு வரி எழுது. குறிய மாத்திடறேன்."

"இன்ஜின் சரியில்லாதப்ப எப்படிய்யா எழுதறது?"

மூன்று மாதம் இந்த வழக்கு நடந்தது. வருவார், இருபத்தேழாம் பாகத்தை எடுப்பார், கடைசிப் பக்கத்தைத் திறந்து, பேனாவைத் திறந்து, மூடி, நடப்பார். இரவல் பேனா என்றால் அதைப் பையில் போட்டுக்கொண்டு தவளக்குப்பம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார். "கட்டுக்கதைக்குப் போய் ஏன் இந்தப் பாடு? ஒரு பொய்தானே, எழுதிவிட்டுப் போங்களேன்" என்று நான் ஒருநாள் சொன்னேன். என் கருத்துகள் அனைத்தையும் படித்தவர் அவர். என்னைப் பார்த்து, "ஒங்களுக்கு அது வரும் சார்" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார்:

"எனக்குப் பத்தொம்பது வயசு. இன்ஜின் பாக்கறதுக்குன்னு என்னையும் கடலுக்கு இட்டுகினு போனாங்க. டீசல்ல தண்ணி. நின்னுபோச்சு. ரெண்டு நாள் மெதந்தோம், நாலு பேரு. கடலப் பாத்து பயமில்ல சார். கரையில இருக்கறவன், சரி அவ்ளோதான்னு சோறு துன்னப் போயிடுவானோன்னுதான் பயம். இப்ப அந்த ஆறு பேரு அங்க நிக்கிறான். நம்ம இங்க புஸ்தகத்த நிறுத்திட்டோம்."

சொல்லிவிட்டு வாசல்வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

இறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை அவர் எழுதிவிட்டார். பழைய வரியை அடிக்கவில்லை. அதன் கீழே, 'இன்ஜின் சரியில்லதான். ஆனா உள்ள ஆறு பேரு இருக்காங்க' என்று எழுதினார். இது பாராட்டா குறையா என்று தேவராசுவுக்கு விளங்கவில்லை. செவ்வாய்க்கிழமைவரை யோசித்த விஷயம் இதுதான்.

மறுநாள் நானும் தேவராசுவும் தவளக்குப்பம் போனோம். கடலோர ஊர்களிலிருந்து போட்டுக்காரர்கள் வந்து நின்றார்கள். நாங்கள் யார் என்று தெரிந்ததும் அவர்களில் ஒருவர் என்னைத் தனியாக அழைத்தார்.

"சார், அந்த ஆகாசக் கப்பல் இன்னா ஆச்சு? வேலை பாக்கச்சொல்ல எங்களுக்குக் கதய சொல்லிகினே இருப்பாரு. மூணு மாசமா கேட்டா, இன்னும் நிக்குதுடா, நிக்குதுடான்றாரு. கரைக்கு வந்திச்சா இல்லயா?"

"அடுத்த பாகம் வருகிறது" என்றேன். "படித்துவிட்டு வந்து சொல்கிறேன்."

பாடையில் அவர் கைக்குப் பக்கத்தில் அந்த ஸ்க்ரூடிரைவரை வைத்திருந்தார்கள். தூக்கும் நேரத்தில் தம்பி அதை எடுத்துக்கொண்டார். பட்டறையில் ஓர் இன்ஜின் பாதி பிரித்தபடி கிடந்தது.

இருபத்தெட்டாம் பாகம் பத்து நாளில் வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் கேப்டன் அதிரூபன் நெற்றியைச் சுருக்குகிறார். இன்ஜின் ஓடத் தொடங்குகிறது. காரணம் சொல்லப்படவில்லை. மீதிப் பக்கங்களில் ஓர் இளவரசி. கடைசி வரியில் தூரத்தில் நீலமாக ஒரு புள்ளி; அது பூமியா என்று ஆறு பேரும் எட்டிப் பார்க்கிறார்கள். தொடரும்.

கலியபெருமாள் அவர்களே, உங்கள் அளவுக்கு அக்கறையோடு நான் எதையும் படித்ததில்லை. நீங்கள் நடந்த இடத்தில் இப்போது யாரும் ஒதுங்கி வழிவிட வேண்டியதில்லை. நாங்கள் ஒதுங்கித்தான் நிற்கிறோம். போய் வாருங்கள்.

அன்று கடைசிப் பக்கத்தில் உங்கள் இடம் காலியாக இருந்ததால், முதல்முறையாக நினைத்ததை நினைத்தபடி எழுதினேன்: 'பக்கம் 12. நின்ற இன்ஜின் எப்படி ஓடியது? யார் பிரித்தார்கள், எதை மாற்றினார்கள்?' மேலே பள்ளி ஆசிரியரின் 'சுமார்' அதற்குரிய குறுக்குக்கோட்டோடு இருந்தது. தட்டச்சுப் பெண்ணின் சரிக்குறி ஒன்று இருந்தது. தேவராசு என் கருத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் குறுக்குக்கோடு போட்டார். இருபத்தொன்பதாம் பாகம் வாங்கப்படவில்லை.