ஏகாம்பரம் நோட்டில் எழுதிய அர்த்தம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஏகாம்பரம் வந்தார். கையில் ஒரு தபால் கவர், அக்குளில் பழைய கோடு போட்ட நோட்டு.

"சார், கோர்ட்லருந்து லெட்டர் வந்துகீது. முழுக்க இங்கிலீசு. பாதி நானே பட்ச்சிட்டேன்!"

ஐம்பத்தாறு வயது மனிதர் முகத்தில் பரீட்சை பாஸான சந்தோஷம். கடிதத்தைப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இத்தப் பாருங்க... அன்செக்யூர்டு. நம்ம வார்த்தை சார்! எல்லா பாரத்துலயும் வழக்கமா போட்றதுன்னு நீங்க அன்னிக்கே சொல்லிக் குட்த்தீங்களே. நோட்டுலகூட எய்திகீறேன். அதான் பயமில்லாம கீறேன்."

கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் ஊரைக் கிண்டல் பண்ணுகிற ஆள். இந்த வாரம் மாட்டிக்கொண்டது நானே. சிரிக்கிற மாதிரி விஷயமும் இல்லை.

நாலைந்து வருஷத்துக்கு முந்தைய கதை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நான் கிளார்க். சுற்றியிருந்த ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக 'வாலன்டரி ரிடையர்மென்ட்' என்று ஆட்களைப் பணம் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்த நேரம். வாழ்க்கையில் முதல்முறையாக மொத்தப் பணத்தைக் கையில் பார்த்தவர்கள் அவர்கள். பாங்குக்குப் போனால் பாரம் ஆங்கிலத்தில். பேப்பரைப் பிரித்தால் ஃபைனான்ஸ் கம்பெனி விளம்பரம், அதுவும் ஆங்கிலத்தில். மிரண்டு போனார்கள்.

"பண விஷயத்துக்கு வேண்டிய இங்கிலீஷ் மட்டும் சொல்லிக் கொடுங்க சார்" என்றார்கள். ஆவடியில் ஒரு நர்சரி ஸ்கூல் அறையை ஞாயிறு காலைகளுக்குக் கேட்டு வாங்கினேன். குழந்தைகள் பெஞ்சில், முழங்கால் மார்பை இடிக்க, இருபது பேர் உட்கார்ந்தார்கள். லேத் பிடித்தவர்கள், வெல்டிங் வைத்தவர்கள். வாரத்துக்கு ஐந்து வார்த்தை. டெபாசிட், இன்ட்ரஸ்ட், மெச்சூரிட்டி, நாமினி... நான் சொல்வேன், அவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள், பிறகு நோட்டில் அர்த்தம் எழுதிக்கொள்வார்கள்.

நாமினி பாடத்தன்று பெரிய ரகளை. "பொஞ்சாதி பேர எய்திட்டா அப்பாலிக்கா எனக்குச் சோறு போடுவாளா சார்?" என்று ஒருவர் நிஜமான கவலையோடு கேட்டார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் ஆறு நாள், நான் டைப் அடிக்கும் கடிதத்தில் மேனேஜர் சிவப்பு மை போடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் பெரிய ஆங்கிலப் புரொஃபசர். அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே மற்ற நாட்களை ஓட்டினேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஏகாம்பரம் ஃபிட்டர். கோவில்பதாகையில் வாடகை வீடு. அவருடைய அப்பா திருநின்றவூர்ப் பக்கம் கூலிக்கு ஏர் ஓட்டியவர். அதே திருநின்றவூரில் ஏகாம்பரம் ஒரு மனை பார்த்து வைத்திருந்தார்.

"எங்க நைனா ஊரான் நெலத்துலயே குன்ஞ்சிகினு கெடந்து செத்துப்பூட்டாரு சார். எனுக்குன்னு அரை கிரவுண்டு வாங்கணும். அதுல ஒரு நாளு நிமுந்து நிக்கணும்."

கைக்கு வந்த செட்டில்மென்ட் பணம், மனை விலைக்குக் கொஞ்சம் குறைந்தது. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் ஒரு வருஷம் போட்டால் வட்டியோடு சரியாக வந்துவிடும். மனைக்காரரும் ஒரு வருஷம் பொறுக்கிறேன் என்றார். பாரத்தை வகுப்புக்கே கொண்டுவந்து, எழுத்துக் கூட்டித் தானே நிரப்பினார். கடைசியில் எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்து. அதில் ஒரு வார்த்தை.

"அன்செக்யூர்டுன்னா இன்னா சார்?"

எனக்குத் தெரியவில்லை. அதாவது... தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. இருபது முகம் என்னையே பார்க்கிறது. புரொஃபசர் தெரியாது என்று சொல்வாரா?

"அது ஒண்ணுமில்லை. எல்லா பாரத்துலயும் வழக்கமா போடுறது" என்றேன்.

இருபது பேனாவும் அதை எழுதிக்கொண்டன.

திங்கட்கிழமை ஆபீஸில் டிக்ஷனரியைப் புரட்டினேன். போதாமல் அக்கவுண்டன்ட்டிடமும் கேட்டேன். "நம்ம பணத்துக்கு ஈடா அவன் எந்தச் சொத்தையும் வைக்கலைன்னு அர்த்தம். கம்பெனி முழுகினா நாம கடைசி வரிசைலதான் நிக்கணும்" என்றார். புத்தகத்தை மூடி வைத்தேன்.

ஏகாம்பரம் பாரம் கொடுப்பதாக இருந்தது புதன்கிழமை. நாள் பார்த்து, ராகு காலம் தவிர்த்து, பாரத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்தின் முன் வைத்திருந்தார். எல்லாம் பார்த்தார் மனுஷன். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும்தான் என்னை நம்பியிருந்தார்.

நான் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. பெரிய கம்பெனி, ஏசி ஆபீஸ், ரிசப்ஷனில் பூங்கொத்து, இத்தனை பேர் போடுகிறார்களே, என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு ரசீதைக் காட்டி எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். நானும் வாங்கிச் சாப்பிட்டேன்.

பத்தே மாதம். கம்பெனி ஷட்டரை இறக்கிவிட்டது, விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. என் வகுப்பில் அவரோடு இன்னும் நாலு பேர் பணம் போட்டிருந்தார்கள். அதில் ஒருவர் என்னைத் திட்ட, ஏகாம்பரம் எனக்காகச் சண்டைக்குப் போனாராம். "சார் இன்னா பண்ணுவாரு? அவுரு அர்த்தம் கரீட்டாத்தான் சொன்னாரு. கம்பெனிக்காரன்தான் ஃபிராடு!"

அதைக் கேட்ட வாரமே, உடம்பு சரியில்லை என்று வகுப்பை நிறுத்தினேன். மனை வேறொருவர் பெயருக்குப் போய்விட்டது. ஏகாம்பரம் திருமழிசையில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனார்.

இப்போது அதே மனிதர் என் எதிரில், அதே நோட்டோடு. கடிதத்தை வாசித்தேன். ஈடு உள்ளவர்களுக்கு முதலில் தருவார்கள், மிச்சம் இருந்தால்தான் மற்றவர்களுக்கு. மிச்சம் இருக்கிற மாதிரி தெரியவில்லை. அதைத் தமிழில் சொன்னேன். சந்தோஷம் முகத்திலிருந்து வடிந்துகொண்டே வந்தது. இனியும் மறைத்தால் நான் மனுஷனே இல்லை.

"ஏகாம்பரம்... அந்த வார்த்தைக்கு அன்னிக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. சும்மா சொல்லிட்டேன். மறுநாள் தெரிஞ்சுது. தெரிஞ்சும் வந்து சொல்லலை. என்னை மன்னிச்சிடுங்க."

அவர் நோட்டைத் திறந்தார். அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, தான் எழுதிய வரியில் விரலை வைத்தார். என் மனைவி வைத்த காபி ஆடை கட்டியது.

"திங்கக்கெயமயே தெரியுமா சார்?"

"தெரியும்."

"நா பொதங்கெயமதான சார் குட்த்தேன்..."

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. எழுந்து வாசல் வரை போனவர் திரும்பினார்.

"தெரியாதுன்னு சொல்லிர்ந்தீங்கன்னா, உங்கள வாத்தியாரு இல்லன்னா சார் சொல்லிருப்பேன்?"

போய்விட்டார். நோட்டை எடுத்துக்கொள்ளவில்லை. அது இதை எழுதுகிற மேஜை மேல்தான் கிடக்கிறது. திறந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

உங்களை நம்பியும் யாராவது ஒரு பாரத்தை நீட்டுவார்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள் — போவது நம் கௌரவம் மட்டும்தான்... அடுத்தவரின் அரை கிரவுண்டு இல்லை.