லேசான காயம்

பேத்தி வீட்டுப்பாட நோட்டோடு வந்து, ‘சிம்பிள்’ என்பதற்கு வேறு சொற்கள் கேட்டாள். ஈசி, பிளெயின் என்று சொன்னேன். நோட்டில் எழுதுவதற்கு அவை போதும்.

எழுபதுகளில், மரக்காணம் உப்பளத்தில், அப்பா முறை மாறி மடை திறந்துவிட்டார் என்று பக்கத்துப் பாத்திக்காரன் ராசு, உப்பு வாரும் பலகையால் அவர் மண்டையைப் பிளந்தான். குவித்திருந்த உப்பு சிவந்தது. காயத்தோடு உப்புநீரில் விழுந்த அப்பா, எரிச்சலில் மாடு போலக் கத்தினார். ஒன்பது தையல். ராசுவைப் போலீஸ் பிடித்துப்போனது.

மறுநாள் ஆஸ்பத்திரிச் சான்றிதழைச் சித்தப்பா என்னிடம் நீட்டினார். எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான்தான் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள்.

“என்னா போட்டிருக்குது, படி.”

“சிம்பிள் ஹர்ட்னு இருக்குது சித்தப்பா.”

“அப்டீன்னா?”

வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள் அல்லவா, விளக்கமாகவே சொன்னேன்: “லேசான காயம். சாதாரணமானது.”

“மண்டையப் பொளந்தது சாதாரணமா? அப்போ ராசு நாளைக்கே வெளிய வந்துடுவான்னு சொல்லு.”

எலும்பு முறிவது மாதிரி ஏதாவது நடந்தால்தான் சட்டத்துக்கு அது கொடுங்காயம்; இல்லையென்றால் எத்தனை தையல் போட்டாலும் ‘சிம்பிள்’தான். முப்பது வருஷம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவள், இன்று தூக்கத்திலும் சொல்வேன். அன்று தெரியாது.

ராசு ஜாமீனில் வெளியே வந்த அன்று, சித்தப்பா கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய், அவனுடைய இரண்டு முழங்காலையும் நொறுக்கினார். இந்த முறை டாக்டர் வேறு வார்த்தை எழுதினார். சித்தப்பாவுக்கு மூன்று வருஷம் ஜெயில்.

தீர்ப்பு வந்த அன்று, கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த சித்தி என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“படிச்ச பொண்ணுதானே நீ, கொஞ்சம் பெருசா சொல்லியிருக்கக் கூடாதா?”